மாத்திரை கொடுக்க வரும்போது இதையும் கேளுங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கு, வணக்கம்.

பாம்பனில் எங்கள் அப்பாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

அப்பாவுக்கு அல்சைமர், மூளையை மெல்ல மெல்லப் பாதிக்கும் மறதி நோய். ஆனால் முதலில் வந்தது மறதி இல்லை, சந்தேகம். பரணில் கிடந்த வலையை மருமகள் விற்றுவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சண்டை. வலை பரணிலேயேதான் இருந்தது. அப்புறம், பொழுது சாய்ந்தால் இருப்புக்கொள்ளாது. கடலுக்குப் போகணும் என்று கதவைப் பிடித்து இழுப்பார். படகை விட்டு எட்டு வருடமாகிறது. காத்துக்கருப்பு என்றார்கள். தாயத்து, மந்திரிப்பு என்று இரண்டு வருடம் அலைந்தோம். ஒரு ராத்திரி நானே அவரைக் கட்டிலோடு கட்டிவைத்தேன். 2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எரிந்துபோன மாவட்டத்துக்காரன் நான்.

கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர் அல்சைமர் என்றார். 1906-இல் டாக்டர் அல்சைமர் முதன்முதலில் விவரித்த பெண்ணுக்கும் தொடக்கத்தில் கணவர் மேல் சந்தேகம்தானாம். அதைக் கேட்டதும் என் மனைவி அழுதுவிட்டாள். இரண்டு வருடமாகத் திருடிப் பட்டம் சுமந்தவள் அவள்.

இப்போது இந்த நோயை ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மை. இந்த நோயில் மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படியும்போது பி-டவ் 217 என்ற வேறொரு புரதம் ரத்தத்தில் கூடுகிறது. அதை வைத்துப் பார்க்கும் ஒரு பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது 55 வயதுக்கு மேல், அறிகுறியும் இருப்பவர்களுக்குத்தான். சிறுநீரகம் கெட்டிருந்தால் அல்சைமர் இல்லாமலே அளவு கூடிக் காட்டலாம். சுகர்காரர்கள் இருக்கும் வீடுகளில் இது சின்ன விஷயமா?

அதனால் அந்தப் பரிசோதனையை இங்கே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. மாத்திரையை நீட்டும்போது வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: பெரியவர் குணம் மாறியிருக்கிறதா? சந்தேகம், வீண் கோபம், எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் ஆறு மாதமாக இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். தைராய்டும் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள். அவை குறைந்தாலும் ஆள் மாறிப்போவார், ஆனால் அதற்கு மருந்து உண்டு. இரண்டே நாளில் குழம்பிப்போனவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கும்.

முடிந்தால் ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் வாருங்கள். காலையில் அப்பா உங்களிடம் நன்றாகத்தான் பேசுவார்.