கும்பகர்ணன் அல்ல, துரியோதனன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பலர் கூடித் துணியில் படம் வரைந்து மனபாரத்தை இறக்கிவைக்கும் பயிலரங்கு பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் கலையில் பங்கேற்றுத் துக்கம் ஆற்றும் வழக்கம் இப்போதுதான் நம் பக்கம் வந்திருக்கிறது என்று ஒரு வரி! செய்யாறு பக்கம் வந்து சொல்லியிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் முறத்தை எடுத்திருப்பார்கள்.

படுகளம் தங்களுக்குத் தெரியாததல்ல. திரௌபதியம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடத்தி, பதினெட்டாம் போரன்று துரியோதனனை மண்ணால் களத்தில் படுக்கவைப்போம். எங்கள் ஊரில் நாற்பது அடி. பீமன் தொடையில் அடித்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் விஷயமே. பெண் வேஷக்காரர் அந்த மண் மார்பருகே உட்கார்ந்து ஒப்பாரி எடுப்பார்.

என் அக்கா மகன் 2018 ஐப்பசியில் பைக் விபத்தில் போய்விட்டான். காரியம் முடிந்தும் அக்கா அழவில்லை. மாத்திரை, மந்திரிப்பு எல்லாம் பார்த்தோம். அடுத்த வைகாசியில் படுகளத்தில் நின்றிருந்தவள், ஒப்பாரியின் இரண்டாம் அடியிலேயே தரையில் உட்கார்ந்து மகன் பெயரைச் சொல்லிப் பாட ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் அவளைக் கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுச் சாவைப் பாடினார்கள். வேஷக்காரர் தன் பாட்டை நிறுத்திக் காத்திருந்தார், ஆர்மோனியக்காரரும்தான். துரியோதனனுக்காக அங்கே யார் அழுதார்கள்! அன்று மாலை அக்கா தானே சோறு கேட்டுச் சாப்பிட்டாள். முந்தானையில் முடிந்துவந்த களத்து மண் இன்னும் அவள் அரிசிப் பானையில் கிடக்கிறது. கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று வருஷாவருஷம் கூத்து அனுமதிக்கு அலைகிறோமே, அதைப் பற்றி ஒரு வரி எழுதத் தங்களுக்கு இடம் இருந்ததில்லை. விடிய விடிய ஆடுபவருக்குக் கிடைப்பது ‘பக்திப் பரவசம்’ என்ற இரண்டே சொல். போன வருடம் படுகளத்துப் படம் போட்டீர்கள், மறக்கவில்லை. அடியில் ‘கும்பகர்ணன் சிலை’ என்று இருந்தது. அஞ்சலட்டை எழுதினேன். பதில் இல்லை.

சரி, இந்த வருடம் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் படுகளத்துக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். நிருபரை அனுப்புவதானால் சாயங்காலம் தீமிதிக்கு வேண்டாம், காலையிலேயே வரச் சொல்லுங்கள். படம் எடுத்தால் பெயரை எங்களிடம் கேட்டுப் போடட்டும்.

இப்படிக்கு,
31 வருட வாசகன்,
செய்யாறு வட்டம்