கன்று வாங்கும் முன் மண்ணை அள்ளுங்கள்: எங்கள் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், மகளிர் குழு அக்கா தங்கச்சிகளுக்கும், மரக்கன்று வாங்கித் தர முன்வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் 2 கிராம சபையில் வீட்டுக்கு இரண்டு கன்று கொடுப்பது பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் பட்டியலில் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல மா, பலா என்று இருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

நான் மேலூர்ப் பக்கம் பிறந்தவள். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் செவல் மண்ணும் பார்த்து வளர்ந்தவள். கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலுக்கு வாக்கப்பட்டு வந்தபோது, மண் என்றால் எங்கேயும் மண்தானே என்றுதான் நினைத்தேன். வாசலில் வைத்த மல்லிகைப் பதியன் இரண்டாம் வருஷமே வெளுத்தது. கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சத்துக் குறைவு என்று யூரியா போட்டேன், மாறவில்லை. பிறகு யூடியூபில் ஒருவர் சுண்ணாம்பு தூவச் சொன்னார். அதையும் செய்தேன். பூ வரும் என்று பார்த்தால் இருந்த இலையும் உதிர்ந்தது.

அவர் மேல் தப்பில்லை. அவர் பேசியது மழை கொட்டும் மலைச்சீமையின் அமில மண்ணுக்கு. நம் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே கிடக்கிறது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகக் கட்டி வருமே, சுக்கான் என்போமே, அது சுண்ணாம்புதான். இப்படிப்பட்ட கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. பானையில் சோறு இருக்கிறது, மூடிதான் திறக்கவில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து இலையில் தெளித்த பிறகுதான் அந்தச் செடி பச்சை பிடித்தது. அதுவும் நிரந்தர வைத்தியம் இல்லை, அவ்வப்போது தெளிக்க வேண்டியிருக்கிறது.

சில வருஷம் முன்பு ஓர் அமைப்பினர் வந்து தெருவெல்லாம் பலாக் கன்று கொடுத்தது ஞாபகம் இருக்கும். நாமும் ஆசையாக இரண்டடிக் குழி தோண்டி, செம்மண்ணும் சாணி எருவும் போட்டு நட்டோம். கார்த்திகை அடைமழையில் ஒவ்வொன்றாக அழுகிப் போனது. களி மண்ணில் குழி வெட்டி அதற்குள் இளக்கமான மண்ணைப் போட்டால், குழியே ஒரு பானை ஆகிவிடுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், பக்கத்துக்குப் போக வழி இல்லை. கோடையில் அதே மண் வெடித்துக் கை நுழையும் அளவுக்குப் பிளந்து வேரை அறுக்கும். வேம்பும் புளியும் இலந்தையும் நெல்லியும் கரிசலில் தாக்குப்பிடிக்கும். பலாவுக்கு அந்த வம்பு எதற்கு?

அதற்காக ஊர் முழுக்கக் கரிசல் என்றும் எழுதிவிடாதீர்கள். ஓடைக்கரை வீடுகளில் மணல் கலந்த மண். மேட்டுத் தெருவில் ஓரடிக்குக் கீழே சரளை. காலனியில் புதிதாகக் கட்டிய வீடுகளில் நம் ஊர் மண்ணே மேலே கிடையாது, லாரியில் அடித்த சவுடும் இடித்த கட்டடத்துக் காரையும்தான். போர்வெல் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு மூன்று கொல்லையில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது.

மண்ணைச் சோதித்து அரசு தரும் மண்வள அட்டை 2015-லேயே வந்துவிட்டதே என்று யாராவது கேட்கலாம். நல்ல திட்டம், தழை, மணி, சாம்பல் சத்து தொடங்கி 12 விவரம் தருகிறது. ஆனால் அதில் மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் கணக்கு. கிட்டத்தட்ட 25 ஏக்கருக்கு ஒரு பிடி மண். நம் கொல்லைப்புறம் அதற்குள் எங்கே வரும்? வி.ஏ.ஓ. வைத்திருக்கும் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’ என்றொரு கட்டம் உண்டு. வரி போட எழுதியதுதான், ஆனாலும் எந்தப் புலம் என்ன மண் என்று ஊருக்கு ஒரு தோராயம் கிடைக்கும். அதைச் சபையில் ஒருமுறை வாசிக்கச் சொல்லலாம். வீடுகள் இருக்கும் நத்தத்துக்கு அது உதவாது.

ஆகவே என் கோரிக்கை: கன்று ஆர்டர் கொடுப்பதைப் பத்து நாள் தள்ளிப் போடுங்கள். தெருவுக்கு ஒரு மாதிரி எடுப்போம். மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ எழுத்துப் போல அரையடி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கைத் திரும்பத் திரும்பக் கழித்து, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சினால் போதும். எருக்குழி ஓரமும் மரத்தடியும் வேண்டாம். நிழலில் உலர்த்தி ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோக நான் தயார், பஸ் செலவும் என்னுடையது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் எடுத்துவிட்டால் வேலை சுலபம், மழை விழுந்தால் கரிசலில் கால் வைக்க முடியாது, உங்களுக்கே தெரியும்.

முடிவு வருவதற்குள் வீட்டிலேயே இரண்டு சோதனை பார்க்கலாம். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டால் நுரைக்கிறதா பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு மண். ஈர மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். முறுக்கு மாவு மாதிரி நீளமாக வந்தால் களி, உதிர்ந்தால் மணல்.

அக்டோபர் 2 அன்று எங்கள் கொல்லை மண்ணை மஞ்சப் பையில் கட்டிக்கொண்டு வருகிறேன். தெருவுக்கு ஒருவராவது அவரவர் மண்ணைக் கொண்டுவாருங்கள். வினிகர் பாட்டில் நான் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு மருமகள்