விற்பனைப் பலகை தொங்க முன்னம்

அன்பு மகளுக்கு,

உங்கட ஊர் பப்பை (மதுச்சாலையை) விற்கப்போகினம் என்று கதை அடிபடுகுது, பலகை இன்னும் போடேல்லை என்று எழுதியிருந்தாய். அப்ப இன்னும் நேரம் இருக்கு, பிள்ளை.

இங்கிலாந்துக் கிராமங்கள் எல்லாத்தையும் ஒவ்வொன்றாய்த்தான் இழந்தது. 1963இல் ரயில் பாதைகளைக் குறைக்கச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்து ஸ்டேஷன்கள் போச்சு. 1986இல் பஸ்ஸைத் தனியார் போட்டிக்கு விட்டதும், லாபமில்லாத பாதைகள் கவுன்சில் மானியத்தை நம்ப வேண்டி வந்தது. 2007-09இல் ஏறத்தாழ 2,500 தபால் கந்தோர்கள் மூடுபட்டது. தபால் கந்தோருக்குப் பென்சன் எடுக்க வாற சனம்தான் பக்கத்தில பாணும் பாலும் வாங்கும். தபால் கவுண்டர் போனால் கடையும் தள்ளாடும். இனி சனம் கூடி இருக்க மிஞ்சினது பப்தான்.

2011 லோக்கலிசம் சட்டப்படி அதை ‘அசெட் ஆஃப் கம்யூனிட்டி வேல்யூ’ (ஊருக்குப் பயனுள்ள சொத்து) பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். பாரிஷ் கவுன்சில் (ஊர்ச் சபை) கேட்டால் சுகம். அவை பின்னடிச்சால் வாக்காளர் இடாப்பில உள்ள 21 பேர் சேர்ந்து கேட்கலாம். விண்ணப்பம் போக வேண்டியது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு; 8 கிழமைக்குள்ள முடிவு சொல்லுவினம். விண்ணப்பத்தோட குடுக்கிற வரைபடத்தில கார் பார்க்கையும் தோட்டத்தையும் எல்லைக் கோட்டுக்குள்ள எடு. விட்டால் அதைத் தனியாய் வித்துப்போடலாம். கார் விட இடமில்லாத நாட்டுப்புற பப் நிலைக்காது. காரணம் எழுதேக்க “எல்லாருக்கும் பிடிக்கும்” போதாது. எந்த நாளில என்ன கூட்டம், எத்தனை பேர் வருகினம் என்று எழுது.

பட்டியலில ஏறினால் 5 வருசம் நிற்கும். விற்க நினைக்கிற உரிமையாளர் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு அறிவிக்க வேணும். அன்றிலிருந்து 6 கிழமைக்குள்ள “நாங்களும் வாங்கக் கேட்கிறம்” என்று எழுதிக் குடுத்தால், உரிமையாளர் அறிவிச்ச நாளிலிருந்து 6 மாதம் வெளியாருக்கு விற்க ஏலாது. கன ஊர்கள் சறுக்கிறது இங்கதான்: கையெழுத்து வைச்ச 21 பேரும் பதிவில்லாத குழு, அவையால் அந்தக் கடிதம் குடுக்க முடியாது. பாரிஷ் குடுக்கலாம், அல்லது பதிஞ்ச அமைப்பு வேணும். கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டி (ஊர் நன்மைக்கு நடத்திற கூட்டுச் சங்கம்) நல்லது: பங்கு வித்துக் காசு சேர்க்கலாம், எவ்வளவு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். அதைப் பதியவும் கிழமைகள் எடுக்கும், ஆனபடியால் இப்பவே தொடங்கு.

ஒன்றை ஊராருக்குத் தெளிவாய்ச் சொல்லு: உங்களுக்குத்தான் விற்க வேணும் என்று இந்தச் சட்டம் ஆரையும் கட்டாயப்படுத்தாது. நடக்கிற பப்பாகவே இன்னொருவருக்குக் கைமாற்றினால் இந்தக் காத்திருப்பே இல்லை.

வரைபடம் கீறினதும் அனுப்பு, கோட்டைப் பார்த்துச் சொல்லுறன்.

அன்புடன்,
அப்பா