இந்தக் கோடையில் டெர்க் ஏரிக்கு நான் வரவில்லை, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் மாதத்தையொட்டி அயர்லாந்தின் டெர்க் ஏரியில் மூன்று நாள் கத்தோலிக்கத் தவயாத்திரை தொடங்குகிறது. இந்த ஆண்டு உங்களுடன் வருவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காரணத்தில் பாதி உங்களுக்குத் தெரியும். மீதியை உறவினர்கள் படிக்கும் இடத்தில் எழுத எனக்கு மனமில்லை.

அந்த ஏரியிலுள்ள ஸ்டேஷன் தீவில் நாம் கண்விழித்த இரவு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பேராலயத்திற்குள் எல்லாரும் ஒரே குரலில் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, தூக்கத்தில் சரிந்த என்னை முழங்கையைப் பிடித்து ஏரிக்கரைக்கு நடத்திச் சென்றீர்கள். வெறுங்காலில் ஈரக்கல் குத்தியது. ஒருவேளைக் கடுந்தேநீரும் காய்ந்த ரொட்டியும் தவிர வேறெதுவும் உண்ணாத உங்கள் கை நடுங்கியது. ஆனாலும் உங்கள் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டீர்கள். யாருக்காக நேர்ந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். "உனக்காகத்தான்" என்றீர்கள்.

அன்று நான் பதில் சொல்லாதது உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனால் எனக்காகப் பட்டினி கிடக்கச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்? என் வாழ்க்கை நீங்கள் முழந்தாளிட்டுத் தீர்க்கவேண்டிய பாவமா?

அந்தத் தீவின் பிடிவாதம் உங்களிடமும் உண்டு. யாத்திரிகர்கள் தவமிருந்த அங்குள்ள குகையை மூடும்படி 1497இல் திருத்தந்தையே ஆணையிட்டார். 1632இல் அரசு இடித்துத் தள்ளியது. 1704ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே செல்வோருக்குப் பத்து ஷில்லிங் அபராதம் அல்லது சவுக்கடி என்றது. மக்களோ வந்துகொண்டேதான் இருந்தார்கள், துறவியரின் பழைய குடில்களின் எச்சம் எனப்படும் கல்வளையங்களை இன்றும் சுற்றி வருகிறார்கள். இதைப் படித்தபோது உங்கள்மேல் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நான் விக்லோ மலைகளிலுள்ள கிளெண்டலாக்கின் இரட்டை ஏரிகளுக்குப் போகிறேன். ஆறாம் நூற்றாண்டில் தனிமை தேடி அங்கே போன புனித கெவினையும் கூட்டம் விடவில்லை. மடமும் ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரக் கோபுரமும் பின்னாளில் அங்கே எழுந்தன. ஆயினும் மேல் ஏரியின் கரையில் எனக்காக யாரும் பசித்திருக்க மாட்டார்கள்.

உங்களைப் படகுத்துறை வரை காரில் கொண்டுவிடுகிறேன், மூன்றாம் நாள் காலை அழைத்துப்போகவும் வருகிறேன். யாருக்காக வேண்டுமானாலும் நடங்கள், என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். நோன்பு அன்று நள்ளிரவு வரை நீளும் என்பதால், வழியில் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த மாட்டேன்.

உங்கள் தங்கை