ஒத்திகை நாடாக்களும் வெளிவரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராக் இசைக்குழுக்களின் கிடப்பில் இருந்த ஒலிப்பதிவுகளைத் தூசி தட்டி விற்பது வெறும் காசு பார்க்கும் வேலை என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். லெட் செப்பலின் குழுவைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மைதான். 2014, 2015 ஆண்டுகளில் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் மேற்பார்வையில் அக்குழுவின் ஆல்பங்கள் மறுபதிப்பாக வந்தபோது, அவற்றுடன் தரப்பட்ட கூடுதல் இசைத்தட்டுகளில் பெரும்பகுதியை நிரப்பியவை நாம் ஏற்கெனவே கேட்ட பாடல்களின் முதற்கட்ட ஒலிக்கலவைகளே. குரல் சற்று முன்னே நிற்கும், ஒரு கிட்டார் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இதற்காக அதே ஆல்பத்தை மறுபடியும் வாங்கச் சொல்வது ரசிகர்களின் பொறுமையைச் சோதிப்பதாகும்.

ஆனால் அதே வரிசையில் வந்த இரண்டு பதிவுகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒன்று, 1969 அக்டோபர் 10 அன்று பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் நடந்த நிகழ்ச்சி. ஆல்பத்தில் ஆறரை நிமிடத்தில் முடியும் ஒரு பாடல் அங்கே கால் மணி நேரமாக விரிகிறது. தொடங்கி ஓராண்டே ஆன குழு எந்தத் துணிச்சலில் மேடையேறியது என்பதை ஸ்டூடியோ பதிவிலிருந்து அறிய வழியே இல்லை.

மற்றொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1972-இல் பேஜும் பாடகர் ராபர்ட் பிளாண்ட்டும் பம்பாயில் உள்ளூர் இசைக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, குழுவின் மூன்றாம், நான்காம் ஆல்பங்களிலிருந்து தலா ஒரு பாடலைப் புதிதாக ஒலிப்பதிவு செய்தனர். அவற்றுள் ஒன்றில், குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பொன்ஹம் நான்கு குச்சிகளைப் பிடித்து முரட்டுத்தனமாக வாசித்த தாளத்தை இங்கே தபேலா ஏற்கிறது. தட்டுகளின் எண்ணிக்கை மாறி மாறி வரும் அந்தத் தாளக்கட்டு நம் வாத்தியத்துக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. 43 ஆண்டுகள் கிடப்பில் இருந்துவிட்டு 2015-இல்தான் இப்பதிவுகள் முறைப்படி வெளியாயின. வெளிவந்தவை முழுமை பெற்ற இரு பதிவுகள் மட்டுமே. பேஜ் அக்கலைஞர்களுக்கு மெட்டைச் சொல்லிக்கொடுத்து, நிறுத்தி, மறுபடி தொடங்கும் ஒத்திகைப் பகுதிகள் இன்றும் திருட்டுப் பதிப்புகளில்தான் உலவுகின்றன. என்னைக் கேட்டால், முடிந்த பாடலைவிட அவையே மதிப்பு மிக்கவை. மேலும், பாடல் பட்டியலில் ‘பம்பாய் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பொதுப்பெயரே நிற்கிறது. வாசித்தவர் ஒவ்வொருவரின் பெயரும் அங்கே பாடலுக்கு நேராக இருந்திருக்க வேண்டும்.

பத்திரப்படுத்துவதில் பெரிய நிறுவனங்களை முழுவதும் நம்பிவிடவும் முடியாது. 1969 மார்ச்சில் பிபிசி உலக சேவைக்காக இக்குழு வாசித்த நிகழ்ச்சியின் மூல நாடா காணாமற்போய்விட்டது. வானொலியிலிருந்து ரசிகர் ஒருவர் பதிவு செய்து வைத்திருந்ததால்தான், எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இடம்பெறாத ஒரு பாடல் உட்பட அதன் பகுதிகள் 2016-இல் வெளிவர முடிந்தது. ஒலித்தரம் மோசம்தான், ஆயினும் கரகரப்பைக் காரணம் காட்டி ஒதுக்காமல் வெளியிட்டதே சரி.

நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளில் எனக்கொரு மனக்குறை உண்டு. 2003-இல் வந்த மூன்று தட்டுத் தொகுப்பு, 1972 ஜூன் 25, 27 தேதிகளில் லாஸ் ஏஞ்சலீஸிலும் லாங் பீச்சிலும் நடந்த இரு நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டி ஒரே இரவு போலக் கோத்தது. கேட்க இனிமையானதுதான், மறுக்கவில்லை. எனினும் பிசிறு தட்டிய இடங்களுடனேயே இரண்டையும் தனித்தனியாக, முழுமையாகத் தந்திருந்தால் குழு ஒவ்வோர் இரவும் எப்படி வேறுபட்டு வாசித்தது என்பது விளங்கியிருக்கும்.

ஆகவே இனி வரும் தொகுப்புகளில் முதற்கட்டக் கலவைகளைக் குறைத்து, ஒத்திகை நாடாக்களையும் வெட்டப்படாத மேடை நிகழ்ச்சிகளையும் நாள், இடம், வாசித்தோர் பெயர் ஆகியவற்றுடன் வெளியிட வேண்டும். பம்பாய்ப் பதிவில் இதைத் தாமதிக்கலாகாது. 1944-இல் பிறந்த பேஜ் இன்னும் நம்மிடையே இருக்கிறார், அன்று யார் எதை வாசித்தார் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை