பீட் கவிஞர்களின் பௌத்தம் வெறும் வேடமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1950களில் மரபை மீறி எழுந்த அமெரிக்காவின் பீட் தலைமுறைக் கவிஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிற்றுப் பதிப்பில் வெளிவந்த கட்டுரையை நானும் நண்பர்களும் படித்து நெடுநேரம் விவாதித்தோம். இத்தகைய பொருளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆனால், கட்டுப்பாடற்ற வாழ்க்கையை நியாயப்படுத்த அந்தக் கவிஞர்கள் பூண்ட வேடமே பௌத்தம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

1955ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் கின்ஸ்பெர்க் ‘ஓலம்’ (Howl) என்னும் தம் நெடுங்கவிதையை முதன்முதலாக மேடையில் வாசித்ததையும், 1957இல் அது ஆபாச வழக்கில் சிக்கி மீண்டதையும் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. அதே இரவில் அதே மேடையில் வாசித்த கேரி ஸ்னைடருக்கும் பிலிப் வேய்லனுக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. ஸ்னைடர் மறு ஆண்டே கப்பலேறி ஜப்பான் சென்றார். இடையிடையே தாயகம் திரும்பினாலும் 1968 வரை பெரும்பாலும் அங்கேயே தங்கி, கியோத்தோவின் தைதோக்குஜி மடாலயத்தில் ஓதா செஸ்ஸோ என்னும் ஆசானிடம், தியானத்தை மையமாகக் கொண்ட பௌத்த நெறியாகிய ஜென் பயின்றார். வேய்லன் 1973இல் முறைப்படி ஜென் துறவியாகி, பிற்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஜென் மையத்துக்குத் தலைமை ஏற்றார். வேடம் என்பது இத்தனை காலம் தாங்காது.

இவர்கள் பௌத்தத்தை எங்கே கற்றார்கள் என்பது மலேசியத் தோட்டப்புறத்திலிருந்து வந்த நமக்கு இன்னும் முக்கியமானது. ஜென்னை ஆங்கிலத்தில் விளக்கிய ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுக்கியின் நூல்களையும், பீட் எழுத்தாளர் ஜாக் கெரவாக் நூலகத்தில் கண்டெடுத்த பௌத்தத் தொகுப்பையும் ஆய்வாளர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். ஆனால், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஜப்பானியக் குடியேறிகள் எழுப்பிய சிறிய பௌத்தக் கோயில் ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. ஸ்னைடரும் அவருடைய நண்பர்களும் அங்கு நடந்த படிப்பு வட்டத்துக்குச் சென்று வந்தார்கள். அவர்களுடைய கவிதைகள் அக்கோயிலின் இதழிலும் அச்சாயின. அந்த வட்டத்தை நடத்திய கன்மோ இமாமுரா என்னும் குருவின் தந்தையார், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த ஜப்பானியர் நிறைந்த ஹவாயில் பௌத்த சபைக்குத் தலைமை தாங்கியவர். போர்க்காலத்தில், 1942 முதல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பௌத்தக் குருமார்கள் தொடக்கத்திலேயே கைதானார்கள். அத்தனை அவமதிப்புக்கும் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே சமூகம் வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தன் கோயிற்கதவைத் திறந்து பாடம் சொல்லிக்கொடுத்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. லயத்து வீட்டு வரிசையின் கோடியில் கோயில் கட்டி வாழ்ந்தவர்களின் பிள்ளைகளாகிய நாம் இந்தச் செய்தியை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடக் கூடாது.

அந்தப் பயிற்சி கவிதைக்குள் என்ன செய்தது என்பதையும் கட்டுரையாளர் தொடவில்லை. ஸ்னைடர் மரம் வெட்டியவர், மலையுச்சிக் காவற்கூண்டில் காட்டுத்தீக்குக் காவலிருந்தவர், எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்தவர். 1955 கோடையில் யோசெமிட்டி மலைகளில் கல் பாவிப் பாதை அமைக்கும் கூலி வேலையிலிருந்துதான் அவருடைய முதல் தொகுப்பின் கவிதைகள் பல பிறந்தன. கல்லை இடம் பார்த்துப் பதிப்பதுபோல் சொல்லைப் பதிக்கும் சிக்கனம் அவற்றில் இருக்கிறது. ஜென் மடாலயத்தில் முற்றம் கூட்டுவதும் களை பிடுங்குவதும் விறகு பிளப்பதும் தியானத்துக்கு இணையான பயிற்சிகள். உடலுழைப்பைப் பற்றி இரக்கமோ முழக்கமோ இன்றி அவரால் எழுத முடிந்ததற்கு அந்த நெறியே பெருங்காரணம் என்பது என் துணிபு. தோட்ட வாழ்வை எழுதும் நம் இளங்கவிஞர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கட்டுரையாளர் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் வாதிடவில்லை. புத்தரின் வரலாற்றையே எழுதிய கெரவாக் குடியிலிருந்து மீள முடியாமல் 1969இல் 47 வயதில் இறந்தார். கின்ஸ்பெர்க் 1972இல் சரணம் ஏற்ற திபெத்திய ஆசான் சோக்யம் துருங்பாவின் குடியும் நடத்தையும் அன்றே கண்டனத்துக்குள்ளாயின. அவருக்காகக் கின்ஸ்பெர்க் பரிந்து பேசியதை என்னால் ஏற்க முடிந்ததில்லை. ஆனாலும் வழுக்கியவர்களை மட்டும் அளவுகோலாக வைத்து ஒரு தலைமுறையின் தேடலை எடை போடுவது முறையாகாது. கின்ஸ்பெர்க் 1962இல் இந்தியா வந்து, தர்மசாலாவில் தலாய் லாமாவைச் சந்தித்து, கல்கத்தாவிலும் காசியிலும் மாதக்கணக்கில் தங்கியபின் எழுதிய கவிதைகளில், பழைய ஓலம் அடங்கி மூச்சின்மீது கவனம் படிவதை ஊன்றிப் படிப்போர் காணலாம்.

மணிமேகலையைப் பாடிய மொழிக்கு உரியவர்கள் நாம். இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பிய வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். அமெரிக்கர் ஒருவர் பௌத்தத்தைக் கையிலெடுத்தால் அது உண்மையா போலியா என்று ஆராய நமக்கு உரிமை உண்டு. முழுமையாக ஆராயும் கடமையும் உண்டு. ஆகவே, ஸ்னைடர், வேய்லன் இருவரின் கவிதைகள் சிலவற்றையேனும் உரிய அனுமதியுடன் தமிழாக்கி ஞாயிற்றுப் பதிப்பில் வெளியிடுமாறும், அந்தப் பெர்க்லி கோயிலைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை அதே கட்டுரையாளரிடம் கேட்டுப் பெறுமாறும் தங்களை அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்