நம்ம தெருவுல இப்ப இல்லாத வீடுகளை தேட உதவுன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெருவுல இருந்து காணாம போன வீடுகளை பத்தி தேடிட்டு இருந்தேன்ல, அது ஓரளவுக்கு ஒரு வடிவத்துக்கு வந்துருச்சு, அதான் இந்த மடல். பேரு போடாதீங்கன்னு பாதி பேர் சொல்லிட்டீங்க, பரவால்ல, உங்களுக்கே தெரியும்.

முதல்ல பத்திரத்த நம்பி கையில குடுத்தவங்களுக்கு. இல்லாத வீட்டு பத்திரத்துக்கு எங்க போறது, ஆனா பக்கத்து வீட்டு பத்திரத்துல நாலெல்லை எழுதியிருக்கே! ஒரு பத்திரத்துல தெற்கு எல்லை "ஓட்டு வீடு", அடுத்த கிரயத்துல அதே தெற்கு "காலி மனை", அப்போ அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல தான் வீடு போயிருக்கு. தன் வீட்டு பத்திரத்த விட பக்கத்து வீட்டுக்காரர் பத்திரம் தான் பேசுது, இந்த தேடல் முழுக்க இப்படி தான் போச்சு.

பழைய தெரு டைரக்டரிய, அதாவது எந்த கதவு நம்பர்ல யாரு இருந்தாங்கன்னு தெரு வாரியா போட்ட புத்தகத்த, பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புன தம்பிக்கு ஸ்பெஷல் நன்றி. கதவு நம்பரை மட்டும் நம்புனா அவ்வளவு தான், நம்பர் மாறிட்டே இருக்கும், இன்னும் நிக்கிற ஒரு வீட்ட புடிச்சுட்டு அங்கிருந்து வரிசையா எண்ணணும்னு அவரு தான் சொல்லி குடுத்தாரு.

தீ இன்சூரன்ஸ் மேப் பாக்க கத்துக்குடுத்த லைப்ரரி மேடம், உங்களுக்கும். அமெரிக்கால சான்போர்ன் கம்பெனி 1867ல ஆரம்பிச்சு போட்ட மேப் இந்த வகை தான், செங்கல் கட்டடம்னா ரோஸ், மரம்னா மஞ்சள், எது சீக்கிரம் பத்தும்னு இன்சூரன்ஸ்காரனுக்கு தெரியணும்ல. கட்டடம் மாறுனா புதுசா அச்சடிக்காம சின்ன பேப்பர் துண்ட மேல ஒட்டிருவாங்களாம், சாய்ச்சு வெளிச்சம் அடிச்சு பாத்தா துண்டோட ஓரம் தெரியும், அடியில பழைய வீடு அப்படியே படுத்திருக்கும்!

அப்புறம் மாடி ஏற விட்ட அண்ணன். அவர் வீட்டு பக்கச் சுவர்ல சாய்வா ஒரு கோடு, அதுக்கு கீழ வரிசையா சதுர ஓட்டை, இடிச்ச வீட்டோட கூரை சாஞ்ச இடமும் உத்தரம் சொருகுன இடமும். பூசுறதுக்கு ஆளே வந்தாச்சு, நான் போட்டோ எடுத்து டேப் வச்சு அளக்குற வரைக்கும் மனுஷன் வேலைய நிறுத்தி வச்சாரு. எத்தனை பேரு செய்வாங்க இதை?

கல்யாண ஆல்பம் குடுத்த அத்தைகளே, மாப்ள பொண்ண நான் பாக்கவே இல்ல, கோச்சுக்காதீங்க, பின்னாடி தெரிஞ்ச திண்ணையும் கரண்ட் கம்பமும் தான் வேணும், கம்பம் இருக்கா இல்லையாங்கிறத வச்சே வருஷத்த நெருங்கிரலாம்.

ஒரிஜினல் எல்லாம் ஸ்கேன் பண்ணி திருப்பி குடுத்துட்டேன், யாருக்காச்சும் வரலன்னா சொல்லுங்க. தயவு செஞ்சு அதுகளை லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, சூட்டுல ஒட்டுனா பிரிக்கவே முடியாது. மூலை வீட்டு வாசல் தெரியுற போட்டோ தான் இன்னும் பாக்கி, மங்கலா இருந்தாலும் அனுப்புங்க.